ஐந்தாம் மாதத்துப் பாடு

கரையோர மகளிர் செல்வப் பெருக்கப் பரிசோதனை அலுவலகம் என்று ஒரு அலுவலகம் இருந்தது. அங்கிருந்து பச்சைமுத்து என்ற அதிகாரி பழவேற்காடு ஏரியைப் படகில் கடந்து, ஒரு திட்டத்தோடு வந்து இறங்கினார்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற நான்கு பெண்களின் குழுவுக்கு ரோஸ்மேரி தலைவி. ஐஸ் பெட்டி இல்லாததால் வியாபாரி சொன்ன விலைக்கே இறாலைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. பெட்டி வாங்க இரண்டு வருஷமாக அறுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"அந்தப் பணம் சும்மா தூங்குதேம்மா" என்றார் பச்சைமுத்து. "ஆப்ஷன் விற்போம். ஒரு சிமெண்டு கம்பெனிப் பங்கு நூறு ரூபாய்க்குக் கீழே விழுந்தாலும், அறுநூறு பங்கை நாங்க நூறு ரூபாய்க்கே வாங்கிக்கிறோம்னு வாக்கு குடுக்கிறோம். அந்த வாக்குக்கு மாசாமாசம் தொள்ளாயிரம் ரூபாய் கூலி. விழலைன்னா கூலி நமக்கு."

"விழுந்துட்டா?"

"விழாது. ஒன்பது விதி போட்டு, மூணு வருஷக் கணக்கைப் பரிசோதிச்சாச்சு. நூத்துக்கு நூறு வெற்றி."

"ஒரு மாசம்கூட விழலையா சார்?"

"ஏழு மாசம் விழுந்தது. அவை அசாதாரண மாதங்கள். விதி ஆறின்படி நீக்கப்பட்டன."

ரோஸ்மேரி இடுப்பிலிருந்த தன் குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றினாள். "என் புள்ளயும் ராத்திரியில அழுவறதே இல்ல சார், அழுவுற ராத்திரிய நீக்கிட்டா."

அதிகாரி சிரிக்கவில்லை. பரிசோதனைக்கு ஒத்துழைக்காத குழுவின் பதிவு ரத்தாகும் என்றார். விதிக்கு விலக்கு கிடையாதாம்.

"சரி சார். எங்க ஊர்லயும் ஒரு விதி கீது. ஏரியில யாரு என்னிக்கு வலை போடறதுன்னு சீட்டு குலுக்குவோம். பாடுன்னு பேரு. அன்னிக்கு லாபமோ நட்டமோ, அது அவங்களோடது. இதையும் மாசம் ஒரு பாடா பிரிச்சுக்கலாம். சீட்டுல உங்க பேரும் உண்டு."

"நான் எதுக்கும்மா?"

"நூத்துக்கு நூறுன்னீங்களே? உங்கள வுட்டுட்டு நாங்க மட்டும் துன்னா நல்லாவா இருக்கும்?"

இதற்கான பதில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாததால், அதிகாரி கையெழுத்திட்டார்.

நான்கு மாதம் எதுவும் விழவில்லை. கிடைத்த கூலியில் குழுவின் மூத்தவள் பவுனம்மாள் கொலுசு வாங்கினாள், ரோஸ்மேரி குக்கர் வாங்கினாள். ஐந்தாம் மாதம் அதிகாரியின் பாடு. அந்த மாதம் சிமெண்டு கம்பெனி முதலாளி வெளிநாடு போனார். திரும்பி வருவதாக இல்லை. பங்கு அறுபதுக்கு வந்தது. நட்டம் இருபத்துநாலாயிரம்.

பச்சைமுத்து அலறியடித்து வந்தார். "இது அசாதாரண மாசம்! கணக்குல சேராது!"

"சேக்காதீங்க சார். பணத்த மட்டும் வெச்சுட்டுப் போங்க."

அவர் கோபமாகக் கரைக்கு நடந்தார். பவுனம்மாளின் புருஷன் அந்தோணிசாமிதான் படகுக்காரர். வானத்தை ஒரு பார்வை பார்த்தார். "காத்து சரியில்ல சார். படகு போவாது."

"ஒரு இலைகூட ஆடலையேய்யா!"

"அதான் சார். அசாதாரணக் காத்து."

இரண்டு நாள் நண்டுக் குழம்பு சாப்பிட்ட பிறகு, அதிகாரி தன் போனிலிருந்து குழுவின் கணக்குக்கு இருபத்துநாலாயிரம் அனுப்பினார். அந்த நிமிஷமே காற்று சரியானது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது. 'ஐந்து மாதங்களில் நான்கு வெற்றி, ஒன்று நீக்கம். ஆக நூற்றுக்கு நூறு. திட்டத்தைத் தொடரக் குழுவின் விருப்பம் கோரப்படுகிறது.'

குழு கூடியது. மேன்மை தங்கிய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதப்பட்டது. திட்டம் தொடர வேண்டும்; சீட்டில் சேர்க்க ஒரு அதிகாரியை அனுப்ப வேண்டும்; அவர் திரு. பச்சைமுத்துவைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குபவராக இருக்கும்படிப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

பவுனம்மாள் மட்டும் பேனாவை வாங்கத் தயங்கினாள். "ஏண்டி ரோஸூ, கெட்ட மாசம் நம்ம பாடா வந்துச்சுன்னா இன்னா பண்றது?"

முதல் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்த ரோஸ்மேரி சிரித்தாள். "நம்ம பாட்டுல நாலு மாசமா வராதது, இனிமேலா வரப் போவுது? ஐஸ் பெட்டி எங்கயும் ஓடிடாது. நீ போடுக்கா."