மனைவியின் வீட்டுப்பாடமும் நான் ஜெயித்த விவாதமும்

என் மனைவியின் படிப்பை நிறுத்தியே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்துவார்கள். என்னால் முடியவில்லை. ஒரு கையில் சோப்பு நுரை, இன்னொரு கையில் அடிப்பிடித்த வாணலி.

பெண்கள் படிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் இல்லை நான். ஆபீஸில் பெண் கல்வி பற்றிப் பேசச் சொன்னால் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். படிக்கட்டும், பட்டம் வாங்கட்டும். என் வீட்டு வாணலி மட்டும் என் கைக்கு வரக் கூடாது. அவ்வளவுதான் என் கொள்கை.

என் மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடுவாள். அது போதாதா? போதாதாம். பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். உயர்நிலை ஆங்கில மொழியும் பண்பாடும். இரண்டு வருஷப் படிப்பு. வாரத்தில் பாதி நாள் வகுப்பு, மீதி நாள் வீட்டுப்பாடம். வகுப்பு நாளிலும் சமையல் நான். வீட்டுப்பாட நாளிலும் சமையல் நான்.

வீட்டுப்பாடம் என்றால் உட்கார்ந்து எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களுடைய வீட்டுப்பாடத்தை வீட்டில் இருக்கிறவர்கள் மேல் செய்து பார்க்க வேண்டும். ஒரு வாரம், வானிலையைப் பற்றிப் பேசியே ஒருவரோடு சிநேகமாக வேண்டும். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்கு மேகமா இருக்கு இல்ல?" என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை காலம் கழித்துச் சிநேகம் எதற்கு என்று நானும் துப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு வாரம், யாரையும் எதையும் நேராகக் கேட்கக் கூடாது.

"என்னங்க, குப்பைத் தொட்டி நிறைஞ்சிருக்கு போல."

"ஆமா."

"நிறைஞ்சு வழியறதும் பார்க்க அழகாத்தான் இருக்கு."

"கொட்டுங்கன்னு நேரா சொல்லித் தொலையேன்!"

"சேச்சே. இங்கிலீஷ்காரங்க பண்பாட்டுல அப்படிக் கேக்க மாட்டாங்க. எதிராளி தானா முன்வர்ற மாதிரி பண்ணுவாங்களாம்."

"யார்கிட்ட? என்கிட்டயா? இன்சூரன்ஸ் ஆபீஸ்ல நஷ்டஈடு கேட்டு வர்றவங்களை வருஷக்கணக்கா வெறுங்கையோட அனுப்பறவன் நான்! இந்த வித்தையெல்லாம் என்கிட்ட பலிக்குமா?"

சொல்லிக்கொண்டே குப்பையைக் கொட்டிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சனிக்கிழமை போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் நானும் சீட்டாடுவது வழக்கம். இவள் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த நேரத்தில் நான் வெங்காயம் நறுக்குகிறேன். டாக்டர் அவர் வீட்டு ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். வெங்காயத்தால் என்று அவர் நினைத்திருப்பார்.

முதல் வருஷம் எப்படியோ முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் வருஷத்துக்குத் திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் வாணலி என் கையில். கொடுக்காவிட்டால் எனக்கு விடுதலை. அதனால்தான் அந்தச் சபதம்.

சபதம் எடுத்துக் கையைக்கூடத் துடைக்கவில்லை, அவளே வந்து நின்றாள்.

"என்னங்க, முதல் வருஷத்தோட கடைசி வீட்டுப்பாடம். அதுக்காக வீட்டுலயே ஒரு விவாதம் வெச்சுக்கணும். 'மனைவி இரண்டாம் வருஷம் படிக்க வேண்டும், வீட்டு வேலையைக் கணவன் பார்க்க வேண்டும்.' இதான் தலைப்பு."

"பேஷா வெச்சுக்கலாம்! கூடாதுன்னு நான் பேசறேன். விடிய விடியப் பேசறேன்."

"அங்கதான் விஷயமே இருக்கு. மனசுல இருக்கிற கட்சியைப் பேசக் கூடாது, மாத்திப் பேசணும். நான் படிக்க வேண்டாம்னு பேசுவேன். நீங்க படிக்கணும்னு பேசணும். எந்தக் கட்சி ஜெயிக்குதோ அதுதான் வீட்டுல நடக்கும். சம்மதமா?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் படிக்க வேண்டாம் என்று அவளே பேசப்போகிறாள். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தோற்க வேண்டும். மனைவியிடம் வாதத்தில் தோற்பது எனக்கு என்ன புதிதா? தினசரிப் பயிற்சி. தூக்கத்தில்கூடத் தோற்பேன்.

"சம்மதம்! நடுவர் யாரு?"

"உங்க டாக்டரையே கூப்பிடுங்களேன். அவர்தான் நியாயமா சொல்வார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். டாக்டர், நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லி, அது நிறையக் கருவிகளைப் போட்டுவிட்டு, "அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறவர். யாருடைய பதிலையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். நடுவருக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

"நீங்க தோத்தா நம்ம சனிக்கிழமை?" என்றார்.

"திரும்ப வந்துடும், டாக்டர்."

"அப்ப நீங்க தோத்தாச்சு. நாளைக்கு வந்து சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் சாயங்காலம் எங்கள் முன் அறையில் விவாதம். டாக்டர் நடு நாற்காலியில். சட்டைப் பையில் சீட்டுக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டுமென்று மனைவி செல்போனைப் பூச்சாடி மேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்தாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்கள் நன்மைக்காகவும் என் மானத்துக்காகவும் தமிழில் தருகிறேன்.

முதலில் நான். "படிப்பு நல்லது. என் மனைவி படிக்கலாம். வணக்கம்." உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் கண்ணடித்தார்.

மனைவி எழுந்தாள்.

"நடுவர் அவர்களே, நான் படிப்பை நிறுத்தியே ஆகணும். ஏன்னா என் கணவர் பாவம்."

நல்ல ஆரம்பம் என்று நானும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அவருக்கு வீட்டு வேலை வராது. முயற்சி பண்றார், வரலை. நேத்து அவர் செஞ்ச சூப்பைக் குளியலறையில தண்ணி கசியற இடத்துல பூசினேன். கசிவு நின்னுடுச்சு."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சமாக.

"வீட்டுல மட்டும் இல்ல. ஆபீஸ்லயும் அவரை நம்பிப் பெரிய பொறுப்பு எதுவும் தர மாட்டாங்க. அவர் எழுதற கடிதத்தைப் பக்கத்து சீட்டுக்காரர் திருத்தினாத்தான் வெளிய போகும்."

"யார் சொன்னது?" என்றேன்.

"குறுக்க பேசக் கூடாதுங்க. நடுவர் அவர்களே, இங்கிலீஷ்ல அவருக்கு நாலு வாக்கியம் சேர்ந்தாப்ல வராது. இப்பகூடப் பாருங்க, மூணோட உட்கார்ந்துட்டார். அவர் மேல தப்பில்ல. அவ்வளவுதான் சரக்கு. இப்படிப்பட்டவரை நம்பி ஒரு பொண்ணு எப்படிப் படிக்க முடியும்? அதனால நான் படிப்பை விட்டுடறேன்."

உட்கார்ந்தாள். டாக்டர் பலமாகத் தலையாட்டினார்.

"ரொம்ப உண்மை," என்றார்.

எது உண்மை? சூப்பா? ஆபீஸா? என் சரக்கா? நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சபதம் நிறைவேறிவிட்டது. வாய்மூடி உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் காது சுட்டது. மீசை துடித்தது. அந்தப் பாழாய்ப்போன செல்போன் வேறு எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. வகுப்பு முழுக்க அதைக் கேட்கப்போகிறது!

"நடுவர் அவர்களே!" என்று எழுந்தேன்.

"நீங்க பேசணும்னு அவசியம் இல்லையே," என்றார் டாக்டர்.

"பேசுவேன்!"

டாக்டர் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு பேசினேன்.

"ஒரு இலாகாவையே கட்டி ஆள்றவன் நான். எனக்கு ஒரு அடுப்பு பெரிசா? நாலு பாத்திரம் பெரிசா? சமையல்ங்கிறது இடது கையால பண்ற வேலை!"

"துணி மடிக்கக்கூட அவருக்குத் தெரியாது, பாவம்," என்றாள் மனைவி, டாக்டரிடம் மட்டும் சொல்வது போல.

"மடிப்பேன்! துவைப்பேன்! இஸ்திரியும் போடுவேன்!"

"காலையில சீக்கிரம் எழுந்திருக்க முடியாது அவரால."

"எழுந்து டீ போட்டு இவளை எழுப்புவேன்!"

"ஒரு வருஷம் தாங்காது, டாக்டர்."

"ஒரு வருஷம் என்ன? இவ ஆராய்ச்சிப் பட்டம் வாங்கட்டும்! அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஸ்பூனைக்கூட இவ தொடக் கூடாது! தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

மேஜையில் ஓங்கிக் குத்தினேன். பூச்சாடி ஆடியது. செல்போனை மனைவி பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நோயாளிகள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"எனக்கென்னவோ," என்று மெதுவாக ஆரம்பித்தார், "தங்கச்சி பேசினதுலதான் நியாயம் இருக்கிற மாதிரி..."

"நடுவர் கட்சி சேர்றார்!" என்று கத்தினேன். "அவ சொன்னதுல எதுக்கு நான் பதில் சொல்லலை? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்!"

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடுங்கிப் போட வேண்டிய பல்லைப் பார்க்கிற பார்வை.

"ஜெயிச்சீங்க ஐயா, நீங்கதான் ஜெயிச்சீங்க. நல்லா இருங்க." சீட்டுக்கட்டைப் பைக்குள் அழுத்திக்கொண்டு போய்விட்டார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் தோத்துட்டேங்க. பேச்சுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஜெயித்த முதல் வாதம்! சும்மா இருக்க முடியுமா? உடனே மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"உங்க அக்காவை இன்னிக்கு விவாதத்துல தோற்கடிச்சுட்டேன்டா! நடுவர் வெச்சு! பதிவே இருக்கு!"

"அப்படிப் போடுங்க அத்தான்! என்ன சொல்லி ஜெயிச்சீங்க?"

வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். சமையலறையிலிருந்து வாணலி என்னைப் பார்த்தது.

திங்கட்கிழமை பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். சின்னப் பெண் மாதிரி படியைத் தாவி ஏறி வந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். துணி மடிக்க உட்கார்ந்ததும் அது போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வகுப்பு முடிந்து வந்தபோது நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என் பேச்சைப் போட்டுக் காட்டினியா?"

"காட்டினேங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. வாத்தியாரம்மா கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. முழு மார்க்!"

"பின்னே? என் விவாதம்னா சும்மாவா?"

"விவாதமா? அது ரெண்டாம் வருஷப் பாடம்ங்க." கைப்பையை மாட்டினாள். "குப்பைத் தொட்டி பாடம் ஞாபகம் இருக்கா? நேரா கேக்காம, எதிராளி தானா முன்வர்ற மாதிரி பண்றது? கடைசி வீட்டுப்பாடமும் அதேதான். கொஞ்சம் பெரிசா பண்ணிட்டு வரச் சொன்னாங்க."

கையிலிருந்த பீங்கான் தட்டு நழுவி விழுந்து சுக்குநூறானது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தரையெல்லாம் துண்டு துண்டா மின்னுது. பார்க்க அழகாத்தான் இருக்கு, இல்லைங்க?"

நான் துடைப்பத்தை எடுக்கப் போனேன்.