கல்யாண மேடையில் புகையாய்ப் போன ராஜா

சொந்தக்காரர் கல்யாணம் நடக்கிற மண்டபத்தை ஒருவன் நிற்காமல் தாண்டிப் போனால், அந்தப் பேச்சு அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் வரும். எங்கள் கடலூர்ப் பக்கத்துச் சட்டம் இது. சாவுக்கு வராதவனைக்கூட விட்டுவிடுவார்கள் (“ஒடம்பு முடியாம இருந்திருக்கும், பாவம்”). மண்டபத்து வாசலில் வண்டியை முறுக்கியவனுக்கு மன்னிப்பே கிடையாது. இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நான் ஒரு கழுதையின் வம்சத்துக்கே உலை வைத்தேன்.

என் தங்கை செல்வியைச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை கழுதைப் பண்ணை வைத்திருக்கிறார். கழுதைப்பால் வியாபாரம். குட்டி போட்டால்தானே பால்? பண்ணைக்கு ஒரே ஆண் கழுதையான ராஜா, மழைக்காலத்தில் வயிற்றுவலி வந்து செத்துப்போனது. ஏழுமலை மொட்டை அடிக்காததுதான் பாக்கி.

நல்லவேளையாக, ராஜா திடமாக இருந்தபோதே கடலூர் டாக்டரம்மா ஒருவர் அதன் விந்தை எடுத்து, மெல்லிசான குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்தார். அதுதான் ஏழுமலையின் கடைசி நம்பிக்கை. ஏனென்றால் பெட்டைக் கழுதை ராணியைக் காட்டிச் செல்வி தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: “இந்தத் தடவை ராணிக்கு சினை நிக்கலன்னா, மொத்தக் கழுதையையும் வித்துட்டு எருமை வாங்குறோம். ஊரே சிரிக்குது.”

பருவத்துக்கு வந்த பெட்டைக் கழுதை, வெற்றிலை போட்ட ஆள் மாதிரி வெறும் வாயை மென்றுகொண்டு நிற்கும். ஒரு முகூர்த்த நாள் காலையில் ஏழுமலை போன் பண்ணினார். “மச்சான், ராணி மெல்ல ஆரம்பிச்சிட்டா! டாக்டரம்மாகிட்ட கேனை வாங்கிட்டு ஒடனே வாங்க!”

முதுநகரில் வண்டி சீட் கவர் தைக்கும் என் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் ஓடினேன். டாக்டரம்மா கேனைக் கையில் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “மூடியைத் தொறக்கக் கூடாது. சாய்க்கக் கூடாது. உள்ள இருக்குற நைட்ரஜன் கொறைஞ்சா குச்சியில இருக்குற உசுரெல்லாம் போயிடும். கழுதைக்கு உறைவிந்துல சினை புடிக்கிறதே குதிரைக் கொம்பு. நீங்களும் சேர்ந்து கெடுத்துடாதீங்க.”

“என்கிட்ட விட்டுட்டீங்கல்ல, கவலைய விடுங்க” என்றேன். (இப்படி நான் சொன்ன எந்தக் காரியமும் இதுவரை உருப்பட்டதில்லை.)

புதுச்சத்திரம் தாண்டும்போது சாலையோரம் மண்டபம். என் மாமா மகன் கல்யாணம். வாசலில் மாமாவே நிற்கிறார். தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று நிறுத்தினேன். வெயிலில் விட மனசில்லாமல் கேனையும் கையோடு தூக்கிக்கொண்டேன்.

“என்னடா பால் கேனோட வர்ற? மண்டபத்துல பால் இல்லன்னு எவன் சொன்னான்?”

“பால் இல்ல மாமா, மருந்து” என்று மழுப்பினேன்.

மேடையில் வேறு ஒரு ரகளை. தாலி கட்டியாகிவிட்டது. மேகத்துக்கு நடுவில் நிற்பதுபோல் படம் எடுக்கவேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை. புகை மெஷின் ரிப்பேர். போட்டோகிராபர் பரங்கிப்பேட்டைக்காரர், அதைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் முகம் வாடிப்போயிருந்தது. என் வாய்தான் எனக்கு எதிரி ஆயிற்றே. “புகைதான வேணும்? நம்மகிட்ட இருக்கு.”

கொஞ்சூண்டுதானே என்று மூடியைத் திறந்து, ஒரு தாம்பாளத்து வெந்நீரில் ஊற்றினேன். அடேயப்பா! வெள்ளை வெளேரென்று புகை பொங்கி, மாப்பிள்ளையும் பெண்ணும் கைலாசத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. ஜனம் கை தட்டியது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

“ண்ணே, ஒன்னே ஒன்னு, கடைசி ஷாட்டு!” என்றார் போட்டோகிராபர்.

“ஜாஸ்தியா ஊத்துடா, கஞ்சப்பயலே!” என்றார் மாமா. பந்திக்கு ஆள் கூப்பிட அவர் கையில் மைக் இருந்தது.

ஊற்றினேன். அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. என் கையில் கேன் இருக்கிறதே என்று மாமாவே உதவியாக எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினார். இன்னொரு கையில் மைக். மண்டபம் முழுக்க ஏழுமலையின் குரல்:

“மச்சான், எங்க இருக்கீங்க? கழுதையோட விந்து பத்திரமா இருக்கா? கேனு சாயலையே?”

நாதஸ்வரம் நின்றது. சாம்பார் வாளியோடு ஒருவர் அப்படியே நின்றார். பெண்ணின் அப்பா மேடையேறி வந்தார். “யோவ், எம்பொண்ணு கால்ல எதய்யா ஊத்துன?”

“அய்யோ, இது வெறும் காத்துங்க! காத்தைக் குளிர வச்சது! விந்து குச்சிக்குள்ள தனியா இருக்கு!” என்று அலறினேன். அதுவும் மைக்கில் போனது.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். மாலை உதிர உதிரச் சிரித்தாள். அவள் சிரித்ததால்தான் என் முதுகு தப்பியது.

சிதம்பரத்தில் வேறொரு டாக்டர் மைக்ராஸ்கோப்போடு காத்திருந்தார். கேனுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்துச் சோதித்துவிட்டு, “ஒன்னுகூட அசையல” என்றார். மற்ற குச்சிகளும் அப்படித்தான். ஏழுமலை வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கண்ணே நின்ன?” என்றாள் செல்வி.

“வழியெல்லாம் டிராபிக் செல்வி…”

அவள் தன் போனை நீட்டினாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் படம் வந்துவிட்டிருந்தது. மேகம், மாப்பிள்ளை, பெண், பின்னால் கேனும் கையுமாகப் பல்லை இளித்துக்கொண்டு நான். “அப்ப கைலாசத்துல நிக்குற இந்த ஆளு யாரு?”

அவள் திட்டித் தீர்த்து, எருமை விலை விசாரிக்க ஆரம்பித்தபோதுதான் ஏழுமலை கத்தினார். “ராணியக் காணும்!” வண்டியை உள்ளே விட்டவன் நான். படலைச் சாத்தாதவனும் நானே.

பொழுது சாயும் நேரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று சும்மாவா சொன்னார்கள்? இடிந்த சுவரோரம் ராணி நின்றது. பக்கத்தில், எவர் வீட்டுப் பிள்ளையோ, காது கிழிந்த ஓர் ஆண் கழுதை. ராணி மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

அந்தத் தடவையே சினை நின்றது. செல்வி சொன்ன சொல் மாறாதவள். எருமைப் பேச்சை விட்டுவிட்டாள். மிச்சக் குச்சிகள் தன்னிடமே பத்திரமாக இருப்பதாக டாக்டரம்மா சொல்லியனுப்பினார். (“அவுரு மூஞ்சியப் பார்த்ததும் பாதிய எடுத்து வச்சிட்டேன்.”)

குட்டி பிறந்த அன்று செல்விதான் போன் பண்ணினாள். “அண்ணே, படலைத் தொறந்து வுட்டு இந்தக் கல்யாணத்த முடிச்சவன் நீ. அப்ப தாய்மாமனும் நீதான். சீர் கொண்டா.” ஒரு மூட்டை தவிடு கொண்டுபோய் வைத்தேன். சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும், ஆசாரி ஊசியை எடுத்த உடனே கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்புகிறது. அந்தக் கைலாசத்துப் பெண் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அவள்தான் முதலில் ஆரம்பிப்பாள்.

“அண்ணே, ஒங்க மருமவனுக்கு எப்ப காது குத்து? அவ்ளோ பெரிய காத வச்சிக்கிட்டு, புள்ள ஒங்க மடிக்காக காத்துக்கிட்டு நிக்கிதே!”