கோச்சின் சம்பளமும் டாய்ல் ப்ருவிட்டின் விலைவாசியும்

உலகத்தில் ஒரு சாதி மனிதர்கள் இருக்கிறார்கள். தங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள், மழை வருமா என்பார்கள், இடுப்பு வலி என்பார்கள். அடுத்தவர் வருமானம் என்றால் மட்டும் சில்லறை பிசகாமல் சொல்வார்கள். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. அந்த ஆளுக்கு அது எதற்கு, அதில் பாதி போதாதா, அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். இவர்களுக்குப் பிறர்சம்பளப் பொருளாதார நிபுணர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரியும் இந்தப் பட்டம் கொடுப்பதில்லை. காபிக் கடை கொடுக்கும்.

எங்கள் ஊரான கார்வர் ஃப்ளாட்ஸில் அந்தப் பட்டத்தை எல்லாருக்கும் முந்தி வாங்கியவர் டாய்ல் ப்ருவிட். மேற்கு டெக்சாஸில் எங்கள் ஊரைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர்த் தொட்டி ஒன்று, கிறிஸ்தவக் கோயில்கள் ஏழு, ஊர் சனம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய கால்பந்து மைதானம் ஒன்று. கால்பந்து என்றதும் நீங்கள் காலால் உதைக்கும் பந்தை நினைத்துவிடக் கூடாது. இது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, பத்துப் பேர் மேலே விழ, அடியில் மாட்டிக்கொள்ளும் விளையாட்டு. காலுக்குப் பெயர், தோளுக்கு அடி.

டாய்ல் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். வாடகைக்கு விட்ட வீடுகளும் உண்டு. எத்தனை என்று கேட்டால் இடுப்பு வலி வந்துவிடும். தினமும் காலையில் நோர்மாவின் காபிக் கடையில் ஜன்னலோர மேசையில் அவர் உட்கார்வார். எதிர்ப்புறம் டயர் கடை வைத்திருக்கும் நானும் அதே மேசைதான், ஆகையால் எல்லாவற்றையும் காதாரக் கேட்டவன்.

"வெள்ளிக்கிழமை ஆனா மூணு மணி நேரம் மைதானத்து ஓரமா நின்னு கத்துறான். அதுக்கு அவ்வளவு சம்பளமா? நான் எங்கடையில நாள் முழுக்கக் கத்துறேன், எனக்கு யார் குடுக்கிறா?" என்பார் டாய்ல்.

"நீங்க கத்துறத நிறுத்துறதுக்கு வேணா நாங்க வசூல் பண்ணிக் குடுக்கிறோம்," என்பாள் நோர்மா, காபியை ஊற்றிக்கொண்டே.

அந்த மூன்று மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் ராய்ஸ் எஸ்கமில்லா, எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர். ராய்ஸ் என்று அவரை அழைப்பவர் யாரும் இல்லை. பள்ளியில் கோச், கோயிலில் கோச், பல் டாக்டரிடம் கோச். பகலில் பூகோளம் நடத்துவார். மாலையில் பையன்களைப் பழக்குவார். மைதானத்துப் புல்லை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, பேருந்தை ஓட்டி, பையன்களின் அழுக்குச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு, காதல் தோல்வி அடைந்த பையன் யாராவது இருந்தால் அவனுக்கு இறைச்சி ரொட்டி வாங்கிக்கொடுத்துத் தேற்றி, பிறகு வீட்டுக்குப் போவார். அவர் வருவதற்கு முன் எங்கள் பையன்கள் தோற்காத ஊர் இல்லை. அவர் வந்த மூன்றாவது வருஷம் வட்டாரக் கோப்பை எங்கள் பள்ளிக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. அன்றைக்கு மைதானத்தில் அழுத முதல் ஆள் யார் என்கிறீர்கள்? டாய்ல்தான். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை, "ஜெயிச்சது பசங்க. இவனுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முட்டை விலை ஏறியது, முடிவெட்டு விலை ஏறியது, கோழிக்கூடு மாதிரி இருந்த வீட்டுக்கெல்லாம் ஆள் வரிசையில் நின்றான். அதே சமயம் டாலஸுக்குப் பக்கத்துப் பெரிய பள்ளி ஒன்று கோச்சைக் கூப்பிட்டது. சம்பளம் இரட்டிப்பு. கோச் அதைக் காட்டி மிரட்டவில்லை. பள்ளி வாரியத்திடம் போய், "அங்க குடுக்கிறத நீங்க குடுக்க வேணாம். இந்த ஊர்ல குடித்தனம் நடத்துற அளவுக்குக் கூட்டிக் குடுத்தாப் போதும், இருந்துடுறேன்" என்றார்.

டாய்லுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பது பேச்சுக்குச் சொன்னது. மாவுக் குழம்பு ஊற்றிய பிஸ்கட் ரொட்டி இரண்டு தட்டு உள்ளே போனது. அதற்கு நடுவே விலைவாசி வெளியே வந்தது.

"டாலஸ் சம்பளத்த டாலஸ்ல வாங்கணும். அங்க வண்டிய நிறுத்தக் காசு, மூச்சு விடக் காசு. நம்ம ஊர் எப்பேர்ப்பட்ட மலிவு! இங்க ஒரு மனுஷன் காத்தையே குடிச்சு வாழலாம். இவனுக்கு எதுக்கையா கூட?"

"காத்துல இப்ப எண்ணெய் நாத்தம் அடிக்குதே," என்றேன் நான்.

"அதுவும் இலவசம்தானே!"

அந்த வாரமே கோழித் தீவனம் வாங்க அவர் கடைக்குப் போயிருந்தேன். கோச்சின் மனைவி டனெல் நாய்த் தீவனத்துக்காக வந்திருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம், இடுப்பில் ஒரு பிள்ளை. அவர்கள் குடியிருந்தது டாய்லின் வீட்டில்தான் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா?

டாய்ல் குரலைத் தழைத்துக்கொண்டார். "காலம் கெட்டுக் கெடக்குதும்மா. வரி ஏறிப்போச்சு, பெயிண்ட் ஏறிப்போச்சு, குழாய் ரிப்பேர்காரன் வீட்டு வாசல்ல காலெடுத்து வச்சாலே காசு கேக்குறான். இந்த ஊர் முன்ன மாதிரி இல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து வாடகைய ஒன்றரை மடங்காக் குடுத்துரு."

டனெல் தீவன மூட்டையைக் கீழே வைத்தாள். "நோர்மா கடையில இது மலிவு ஊருன்னு சொன்னீங்களாமே?"

டாய்லுக்குக் கோபம்கூட வரவில்லை. பாவம், இந்தப் பெண்ணுக்கு விவரம் போதவில்லையே என்று பார்த்தார். "அது சம்பளத்துக்குச் சொன்னதும்மா. இது வாடகை."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் துளிக் கபடமும் இல்லை. இந்தச் சாதியின் அழகே அதுதான். அவர்களுடைய ஒரே ஊரில் இரண்டு ஊர் இருக்கும். கொடுக்கும்போது ஓர் ஊர், வாங்கும்போது வேறோர் ஊர். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, டாய்லின் மனைவி லவானுக்கு மட்டும் அந்தக் கை வாய்க்கவில்லை. கடையின் உள்ளறையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த லவான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாரியக் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. கோச் கடைசி வரிசையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்திருந்தார். டனெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாய்ல் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முட்டையில் ஆரம்பித்தார், மாட்டிறைச்சிக்குப் போனார், டாலஸ் வீட்டு விலைகளைக் கரித்துக் கொட்டினார். கடைசியில் கையை விரித்து, "நம்ம ஊர்ல வாழ்றதுக்கு என்ன செலவு ஆயிடுது? யாராவது சொல்லுங்க பாப்போம்!" என்று முழங்கினார்.

லவான் எழுந்து நின்றாள். "நான் சொல்றேன் டாய்ல். டனெலுக்குச் சொன்ன வாடகைய இங்கயும் சொல்லிரு."

முதலில் நோர்மா சிரித்தாள். அவளைத் தொடர்ந்து ஊரே சிரித்தது. வாரியத் தலைவி மேசையைத் தட்டிப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்: டாய்ல், அப்புறம் கோச். கோச் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் ஒரு மனிதர் ஊர் நடுவே கூனிக் குறுகுவது அவருக்குப் பிடிக்கவில்லை போலும்.

டாய்லின் காது மடல் சிவந்துவிட்டது. "சரி, சரி. பழைய வாடகையே இருக்கட்டும்," என்றார். "போட்டிகள் முடியற வரைக்கும்," என்று சேர்த்துக்கொண்டார். வாரியம் கோச் கேட்டதில் பாதியைக் கொடுத்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பருவத்தை முடித்தார். பையன்கள் மாநிலச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள், மூன்றாவதில் மானத்தோடு தோற்றார்கள். டனெலுக்குப் பெண் பிறந்தது. ஜனவரியில் கோச் டாலஸ் பக்கத்துக்குக் கிளம்பினார்.

கிளம்பிய அன்று காலை முதலில் வந்த வண்டி டாய்லுடையது. குளிர்பெட்டியைத் தன் தோளில் வாங்கி வாடகை லாரியில் ஏற்றினார். முன்பணத்தை ஒரு காசு பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கோச்சின் கையைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை.

"அங்க வீட்டுக்காரனுங்க கண்டபடி வாடகை கேப்பானுங்க, கோச். ஏமாந்துராத," என்றார்.

"பாத்துக்கிறேன், சார்," என்றார் கோச். அவர் முகத்தில் புன்னகை வந்ததும் போனதும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த வீட்டில் இப்போது எண்ணெய்க்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், இரண்டு மடங்கு வாடகைக்கு. புதிய கோச்சுக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வண்டி ஓட்டி வருகிறார். பழையவருக்குக் கொடுக்க மாட்டோம் என்றதைவிடக் கூடுதலாக அவருக்குக் கொடுக்கிறோம். தொடர்ந்து தோற்கிறோம். டாய்ல் நோர்மா கடையில் ஒரு தோல்விக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துக்கொண்டிருக்கிறார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு சொன்னவன் கோச்சின் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லையே என்று உங்களுக்கு உள்ளுக்குள் அரிக்கிறதா?

அப்படியானால் வாருங்கள். டாய்லுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.