முதலை மூக்கும் எங்கள் முன் அறையும்

சேதுபதியை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவது என்று முடிவெடுத்தேன். இந்த முடிவுக்குத் துணை நின்றது ஒரு முதலை. அது முதலைகூட அல்ல, முதலை மாதிரி.

சேதுபதி ஊரிலிருந்து கப்பலேறி வந்தவன். பஃபலோ ரோட்டு மாடியில் எங்கள் முன் அறையைப் பிடித்துக்கொண்டவன். ஹார்பர் போர்டில் நல்ல வேலை கிடைத்த பிறகும் நகரவில்லை. வந்த அன்றைக்கே என் மனைவி தங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எங்க வம்சத்து மூக்குங்க" என்றாள். அவன் அம்மாச்சியும் தன் அம்மாவும் அக்கா தங்கை முறையாகத்தான் இருக்கும், ஆகவே அவன் தனக்கு மகன் முறை என்று வாசலிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அன்றுமுதல் நான் சித்தப்பா. என் சாய்வு நாற்காலியில் அவன். சமையல்கட்டு ஸ்டூலில் நான். குழம்பில் மீன் தலை அவனுக்கு, வால் எனக்கு. மகள் கமலா மட்டும் ஒரு தடவைகூட அவனை அண்ணன் என்று கூப்பிடவில்லை. அவளாவது என் கட்சி என்று மகிழ்ந்தேன்.

எனக்கு மியூசியத்தில் டைப்பிஸ்ட் வேலை. காட்சிப் பொருள்களுக்கு அடியில் வைக்கும் குறிப்புகளை அடிப்பவன். ஒரு நாள் ஃபைட்டோசார் என்ற பிராணி என் மேசைக்கு வந்தது. டைனோசார் காலத்திலேயே அழிந்துபோனது. நீண்ட வாய், கூரான பல், முதுகெல்லாம் ஓடு. படத்தைப் பார்த்தால் அச்சு அசல் முதலை. ஆனால் முதலைக்கு மூக்குத் துவாரம் வாய் நுனியில். இதற்குக் கண்ணுக்குப் பக்கத்தில். கிளையே வேறு. தண்ணீரில் கிடந்து மீன் தின்று தின்று இரண்டுக்கும் ஒரே முகம் வந்துவிட்டதாம். இன்று உயிரோடிருப்பவற்றில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பல்லியும் அல்ல, ஓணானும் அல்ல. தேக்கா மார்க்கெட் கூண்டில் கிடக்கும் கோழி.

சாயல் வேறு, சொந்தம் வேறு. விஞ்ஞானமே என் பக்கம் வந்துவிட்டது.

தங்கத்திடம் சொன்னேன். "அது முதலைக்குங்க. மனுசனுக்கு மூக்குதான் சாட்சி" என்றாள். எனக்கு வீம்பு ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் அவனுடைய ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்துத் துருவினேன். முதலை வம்சத்துக்குப் போடுவதைப் போலவே கிளை கிளையாகப் படம் போட்டேன். அவன் அம்மாச்சி வேறு ஊர், வேறு வழி. இரண்டு கிளையும் எங்கேயும் ஒட்டவில்லை. தங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தைரியம் இருந்தால் இதை உங்கள் அண்ணன் முன்னால் சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள்.

எங்கள் குடும்பத்தில் உறவுமுறை விஷயத்தில் அண்ணாதுரை அண்ணன் சொன்னதுதான் முடிவு. செம்பவாங்குக்குப் பஸ் ஏறிப் போய்க் கையோடு அழைத்து வந்தேன். வந்ததும் முதல் வேலையாகச் சேதுபதியின் தகரப் பெட்டியைத் தூக்கிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். பிறகு ஃபைட்டோசாரில் ஆரம்பித்து அம்மாச்சியில் முடித்தேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "அப்ப இந்தப் பையன் தங்கத்துக்கு மகன் முறை இல்லை."

"இல்லை."

"கமலாவுக்கு அண்ணனும் இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லு லா."

"எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்" என்று மேசையைத் தட்டினேன்.

அண்ணன் தங்கத்தைப் பார்த்தார். அவள் உள்ளே போய் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம் வைத்த தட்டோடு வந்தாள். அது அந்த நிமிஷத்தில் தயாரான தட்டு இல்லை.

"அவனுக்குக் கமலாவைக் கொடுக்கலாம்னு பொங்கல்ல இருந்து தங்கம் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார் அண்ணன். "கமலாவுக்கும் அவனைப் பிடிச்சிருக்கு. அண்ணன் முறை ஆகுதேன்னு நான்தான் ஒத்துக்கல. சொந்தமில்லைன்னு தங்கம் சொன்னா, ஆசையில சொல்லுதுன்னுதான் நினைப்பேன். அவனைக் கண்டாலே ஆகாத நீ சொல்ற. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

திரைக்குப் பின்னால் கமலா சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் இரண்டு பேரும் முன் அறையிலேயே இருக்கட்டும் என்று தங்கம் ஏற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதுவரை ஓரமாக நின்ற சேதுபதி அடக்கமாகக் கீழே இறங்கி, பெட்டியைத் தூக்கக் குனிந்தான். தங்கம் என் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளையைச் சுமக்க விட்டுட்டு நிக்கிறீங்களே, நீங்க தூக்கிட்டு வாங்க."