மோகனதாஸின் மூக்கு வழக்கு

மோகனதாஸ் தாமே தேடிப் பிடித்த வாசனை நிபுணர் அவரையே கவிழ்த்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்புஜத்தின் சமையல் வாடை தாங்க முடியவில்லை என்பது வழக்கு. ஃபேக்ஸில் வந்த நிபுணர் அறிக்கையோ, "நாவூற வைக்கும் மணம்" என்று முடிந்திருந்தது. சோதிக்க வந்த மனுஷனை வெறும் வயிற்றோடு அனுப்ப அம்புஜத்துக்கு மனசு வரவில்லை. எதிர்க்கட்சி சாட்சி என்றாலும் வீட்டுக்கு வந்தவர் அல்லவா? நெய் ரோஸ்ட் போட்டுக் கொடுத்து, வழிக்கு வடையும் கட்டிக் கொடுத்திருந்தார்.

மோகனதாஸும் தமிழர்தான், மலேசியாவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்தவர். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பகுதியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அங்கே சாண்ட்விச்சைக்கூடக் கத்தியும் முள்கரண்டியுமாகத்தான் சாப்பிடுவார். பார்ட்னர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோட்டில் பெருங்காய வாடை அடித்தால் தம்மையும் இந்தியக் கடைகள் நிறைந்த சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவோடு சேர்த்துவிடுவார்களே என்று அவருக்குப் பயம். உள்ளபடியே பயம்.

"வேற நிபுணரைப் போடு" என்றார் வக்கீல் ஜேசனிடம்.

"நிபுணர் சாட்சியத்துக்குக் கெடு முடிஞ்சிருச்சு அங்கிள். மறுபடி திறக்கச் சொல்லி மனுப் போடணும். திறந்தா அவங்களுக்கும் சேர்த்துத்தான் திறக்கும்."

"திறக்கட்டும்லா."

நீதிபதி திறந்தார். கூடவே, அம்புஜத்தின் கணவர் நல்லசாமியும் ஒரு நிபுணரை வைத்துக்கொள்ளலாம், அவர் மோகனதாஸ் வீட்டையும் சோதிக்கலாம் என்று உத்தரவிட்டார்.

இம்முறை மோகனதாஸ் உஷாராக, மிளகைக் கண்டாலே தண்ணீர் கேட்கும் ஆளாகப் பிடித்தார். அம்புஜம் வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது என்று கண்டிப்பும் செய்தார். அந்த ஆள் சொன்ன சொல் தட்டாமல் மோகனதாஸின் தோட்டத்திலேயே நின்று மோந்து பார்த்தார். வாடை பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று சொல்வதற்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

நல்லசாமி தரப்பு சும்மா இருக்குமா? வாடையை அளக்கும் கருவியோடு ஓர் அம்மாவை அனுப்பியது. கருவி வேலியோரம் முனகியது, ஹாலில் கத்தியது, மோகனதாஸின் சமையலறையில் நிறுத்தவே மாட்டேன் என்றது. அந்த அம்மா மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

மோகனதாஸ் அசரவில்லை. தம் மனைவி சமைப்பது மலேசியச் சமையல், அது வாடை அல்ல, பண்பாடு என்று நீதிமன்றக் கூடத்தில் நின்று பிரசங்கமே செய்தார். தினமும் அதைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருப்பதாகவும், வேண்டுமானால் அவளையே கூண்டில் ஏற்றிச் சொல்ல வைப்பதாகவும் சவால் விட்டார். ஜேசன் கண்ணைக் காட்டியும் பயனில்லை. சாட்சிப் பட்டியலில் மனைவி நிர்மலாதேவியின் பெயரும் ஏறிவிட்டது.

அன்று மாலை ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த நிர்மலாதேவியை உட்கார வைத்து, கோர்ட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம் என்றார் மோகனதாஸ்.

நிர்மலாதேவி காலணியைக் கழற்றியபடியே சொன்னார்:

"சொல்றேங்க, ஆனா கேஸ்ல ஜெயிச்சிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்கதான் வழி பண்ணணும், ஏன்னா இத்தனை மாசமா வேலிக்கு மேல அம்புஜக்கா குடுக்கிறதைத்தான் நான் சூடு பண்ணி உங்களுக்குப் போடுறேன்."