பானை விழாத சனிக்கிழமை

“கூட்டம் கூடக் கூடாது. சத்தம் இருக்கக் கூடாது. முக்கியமா, யாரும் எதையும் தூக்கி எறியக் கூடாது. எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதிக்கிட்டேன்,” என்றாள் பகோனா. மூன்றாவது வரியில் அவள் பேனா அப்படியே நின்றுவிட்டது. “ஐயா, கப்பல் எப்போ வருதுன்னு சொன்னீங்க?”

“நாளைக்கு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு.”

“ஞாயித்துக்கிழமை வரக் கூடாதா? நாளைக்கு இங்க எங்களுக்கு ஈஸ்டர் வேலை...”

“ஈஸ்டரா? அது போன மாசமே முடிஞ்சுபோச்சேம்மா!”

கப்பல் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் இருக்கும் ஊரில் அது முடிந்துதான் போயிற்று. எங்களுக்குக் காலண்டர் வேறு. எங்கள் கர்த்தர் கொஞ்சம் நிதானமாகத்தான் எழுந்திருப்பார்.

ப்ரினாரி நகராட்சியில் துறைமுகப் பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு ரப்பர் முத்திரை, பகோனா. அவ்வளவுதான். எங்கள் தீவுக்குப் பெரிய கப்பல் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் தேர்தல் தகராறாம். துறைமுகத்திலேயே கலவரமாம். “இங்கே கப்பலை நிறுத்த முடியாது, ப்ரினாரிக்குத் திருப்புகிறேன்” என்று கேப்டனே தகவல் அனுப்பியிருக்கிறார். கப்பலில் இரண்டாயிரம் பயணிகள். ஒலிபெருக்கியில் கேப்டன் வேளைக்கொரு தடவை கலவரத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, எல்லோரும் அரண்டு போயிருக்கிறார்களாம். தட்டு விழுந்தால்கூடத் துள்ளிக் குதிக்கிறார்களாம்.

இப்போது எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் பகோனாவின் பேனா ஏன் நின்றது என்று உங்களுக்குப் புரியும். ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். அடித்ததும் கடைத்தெருவில் இருக்கிற அத்தனை பால்கனியிலிருந்தும், தண்ணீர் நிரப்பிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சாவை விரட்டுவதற்கு என்பார்கள். வசந்தத்தைக் கூப்பிடுவதற்கு என்பார்கள். நாற்பத்தெட்டு நாள் இறைச்சி தின்னாதவர்களின் கோபம் என்று நான் நினைக்கிறேன்.

பகோனா நகரத் தலைவர் அகிசிலாவோசிடம் ஓடினாள்.

“இந்தக் கப்பல் சந்தோஷமாத் திரும்பிப் போகணும் பகோனா,” என்றார் அவர். “கேப்டன் வருகைப் புத்தகத்துல நல்லதா நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார்னு வை, உன் வேலையை நான் நிரந்தரம் பண்ணிடறேன்.”

“எழுதலைன்னா?”

“முப்பதாம் தேதியோட உன் எட்டு மாசம் முடியுது. உனக்கே தெரியும்.”

தெரியாமலா? ஒன்பது வருடமாக அவளுக்கு எட்டு மாத வேலைதான். மீதி நான்கு மாதம் சாப்பாட்டுக் கடையில் ஆக்டோபஸைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருப்பாள். அந்த நான்கு மாதமும் பூனைகள் மட்டும்தான் அவள் பின்னால் மரியாதையாக நடக்கும்.

“அப்போ பானையை என்ன பண்றது தலைவரே?”

“அதை நீ பாத்துக்கோ. நான் இந்த ஊர்ல ஓட்டு வாங்கணும்.”

கோவிலில் பாதிரியார் சோசிமாஸ் பெரிய வெள்ளி ஊர்வலத்துக்குப் பூப்பல்லக்கைச் சோடித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, நாளைக்கு மணியைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடிச்சா என்ன?”

“ஏன்? காலையில கர்த்தருக்கு வேற வேலை இருக்கா?”

“கப்பல் வருது சாமி.”

“கல்லறையில இருந்து அவர் எந்திரிக்கிற நேரத்தைக் கப்பல்காரன் போன் போட்டுச் சொல்லுவானா? போ, போய் அந்தப் பூவைக் கட்டு.”

பகோனா அரை மணி நேரம் பூக் கட்டினாள். கை கட்டியதே தவிர, மனசு கணக்குப் போட்டது. மணியை நிறுத்த முடியாது. சரி, பானையே இல்லாவிட்டால்?

நேரே அலுவலகம் போய் ஒரு அறிவிப்பு எழுதிக் கடைத்தெருச் சுவரில் ஒட்டினாள். ‘சிறந்த பானைப் போட்டி. பானைகளை உடைக்காமல் நாளைக் காலை எட்டு மணிக்குள் நகராட்சிக் கிடங்கில் ஒப்படைக்கவும். முதல் பரிசு: ஒரு முழு ஆட்டுக்குட்டி.’

ஆட்டுக்குட்டி தலைவருடையது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

எங்கள் ஊரார் நல்லவர்கள்தான். ஆனால் எதையும் கடைசி வரியிலிருந்து படிப்பார்கள். ஆட்டுக்குட்டி என்று படித்ததும் மீதியை அவரவர் வீட்டுக்குப் போகும் வழியில் அவரவரே முடிவு செய்துகொண்டார்கள். இருட்டுவதற்குள் குயவர் சூளையில் ஒரு சட்டிகூட மிஞ்சவில்லை. வழக்கமாகக் கைக்கடக்கமான பானை போடுகிறவர்கள் இடுப்புயரப் பானையை உருட்டிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிடங்கில் பகோனாவும் ஒரு பூனையும் இருந்தார்கள். பானை ஒன்றுகூட வரவில்லை.

எதிர்வீட்டு தியமாந்தோ, தாத்தா காலத்து எண்ணெய்த் தாழியை இரண்டு மகன்களோடு சேர்ந்து பால்கனிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம்.

“தியமாந்தோ, கிடங்குல குடுக்கணும்னு எழுதியிருந்தேனே!”

“போடி இவளே! கீழ போட்டாத்தானே எது பெருசுன்னு தெரியும்? சத்தத்துக்குத்தான் பரிசுன்னு ஊரே சொல்லுது.”

பகோனாவுக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் வரை விழப்போனவை பானைகள். இப்போது விழப்போகிறவை தாழிகள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மணி அடித்தால்தானே பானை விழும்? மணி அடிக்கும் கோவில்பிள்ளை காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மணிக்கூண்டில் ஏறினாள். மணிக்கயிற்றை அவிழ்த்தாள். ஒளித்து வைக்க இடமில்லாமல் இடுப்பில் ஒன்பது சுற்றுச் சுற்றி, மேலே குளிர்காலக் கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

“என்னடி இது, விரதத்துலயே இப்படிப் பெருத்துட்ட!” என்று பால்கனியிலிருந்து தியமாந்தோ கத்தினாள்.

பத்து மணிக்குக் கப்பல் வந்தது. எங்கள் தீவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. படகு படகாகப் பயணிகள் இறங்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடந்து வந்தார்கள். கடைத்தெரு முனையில் கயிறு கட்டி, போலீஸ்காரர் கோஸ்மாஸைச் சிரித்த முகமாக நிற்கச் சொல்லியிருந்தாள் பகோனா. அவரும் சிரித்த முகமாகத்தான் நின்றார். ஆனால் முகம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

முன்னால் வந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் மோதினார்கள்.

“ஹெல்மெட்டைக் கழட்டுய்யா!” என்று பல்லைக் கடித்தாள் பகோனா.

“போன வருஷம் மண்டையில அஞ்சு தையல் அக்கா. இது என் தலை. நகராட்சி குடுத்த தலை இல்ல.”

பகோனா பயணிகள் பக்கம் திரும்பினாள். “பயப்படாதீங்க! இவர் இப்பத்தான் மோட்டார் சைக்கிள்ல இருந்து இறங்கினார்.”

“மோட்டார் சைக்கிள் எங்கே?” என்றாள் அந்த அம்மாள்.

பகோனா கண்ணைக் காட்டினாள். கோஸ்மாஸ் சந்துக்குள் ஓடினார். அவருடைய வண்டி முப்பது வருடப் பழசு. உதைத்ததும் டுமீல் டுமீல் என்று மூன்று வெடி வெடித்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தரையில் படுத்திருந்தார்கள்.

அவர்களைக் கைதூக்கி எழுப்பிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் வந்துவிட்டார். யோர்தானிஸ் என்று பெயர். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சீருடை, வெள்ளை மீசை. கூடவே மிர்த்தோ என்று ஒரு இளம் பெண் அதிகாரி.

“வாங்க சார்! இந்தப் பக்கமாப் போனா ஆலிவ் தோட்டம், நல்ல நிழல்...” என்று பின்சந்தைக் காட்டினாள் பகோனா.

கேப்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று கடைத்தெருவுக்கு நடந்தார். கயிற்றருகே நின்று அண்ணாந்து பார்த்தார்.

பதினோரு மணி.

இரண்டு பக்கமும் பால்கனி நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும், கைப்பிடிச் சுவரின் மேலும், தண்ணீர் தளும்பும் பெரிய பெரிய பானைகள். மணி அடிக்கவில்லை. அடிக்காமல் எப்படிப் போடுவது? காத்திருந்தார்கள். பதினொன்றே கால் ஆயிற்று. பானைக் கனத்தில் கைகள் கடுத்தன. நான் பிறந்த நாள் முதல் எங்கள் ஊர் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்ததில்லை.

கீழேயிருந்து ஒரு பயணி அவர்களுக்குக் கையாட்டினார். பதிலுக்கு ஆட்ட யாருக்கும் கை இல்லை.

“பொம்மைங்களா?” என்று கேட்டார் அவர்.

“அப்படியே ஆளு மாதிரியே இருக்கு,” என்றாள் அவர் மனைவி.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோவில் கோபுரத்தைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி அடிக்கலையே?”

“எந்த மணி சார்? எங்க ஊர்ல மணியே அடிக்காது. அவ்வளவு அமைதி.”

“பானை கீனை ஒண்ணும் விழாதா?”

“தூசி கூட விழாது சார்!”

இதைக் கேட்டு அந்த மனிதர் குளிர்ந்து போக வேண்டுமல்லவா? முகம் வாடிப் போயிற்று. பகோனா அவசரமாக வருகைப் புத்தகத்தை நீட்டினாள். அவர் தேதி போட்டார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா,” என்று மூடிக் கொடுத்துவிட்டு, கப்பல் இருந்த பக்கம் திரும்பினார்.

பகோனாவின் கண்ணில் ஆக்டோபஸ் தெரிந்தது. பூனைகள் தெரிந்தன.

அந்த நேரத்தில் கோவில் பக்கமிருந்து பெரிய கூப்பாடு. பாதிரியார் சோசிமாஸ் வெள்ளிச் சரிகை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“கயிறு! என் மணிக்கயிறு எங்கேடா? எவண்டா எடுத்தான்?”

பகோனா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்ததில் கோட்டுக்குக் கீழே ஒரு முழம் கயிறு நழுவித் தொங்கியது.

“பகோனா,” என்றார் பாதிரியார் மெல்லிய குரலில். “எப்போ இருந்து உனக்கு வால் முளைச்சது?”

“சாமி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

அவர் கேட்கவில்லை. வாலைப் பிடித்து இழுத்தார். பகோனா பம்பரமாகச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது சுற்று. கோட்டுப் பொத்தான்கள் நாலு திசையிலும் பறந்தன. சுற்றி முடித்து அவள் கோஸ்மாஸின் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பாதிரியார் கயிறும் கையுமாக மணிக்கூண்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

“யாரும் போடாதீங்க!” என்று கத்தினாள். “உங்க காலைப் பிடிக்கிறேன், போடாதீங்க!”

மணி அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வார்த்தை வராது. வானமே பானையாக வந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மகன்கள் இருவரும் தூக்கிக் கொடுக்க, தியமாந்தோவின் தாழி இறங்கியது. அதன் சத்தத்தில் துறைமுகத்து நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. தாழித் தண்ணீர் அலையாகக் கிளம்பி, தெரு முனைக் கயிற்றருகே இன்னும் நின்ற கேப்டனைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை நனைத்தது.

இரண்டாயிரம் பேரும் காப்பிக் கடை மேஜைகளுக்கு அடியில் கிடந்தார்கள். தெருவில் பானை ஓடு மட்டும் கலகலவென்று உருண்டுகொண்டிருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஒரு மேஜைக்கு அடியிலிருந்து, முதலில் பயந்து நின்றாளே, அந்த அம்மாள் தலையை நீட்டினாள்.

“இன்னொண்ணு போடுவீங்களா?”

“உனக்கில்லாததா? நீயே வந்து போடு தாயி!” என்று தியமாந்தோ மேலேயிருந்து கையை ஆட்டினாள்.

கால் மணி நேரத்தில் பால்கனிக்கு இருபது பயணிகள் நின்றார்கள். மிச்சமிருந்த பானைகள் போதவில்லை. பூந்தொட்டிகளைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் அவற்றின் மேல் ஏறி உட்கார வேண்டியதாயிற்று.

பகோனா இதையெல்லாம் பார்க்கவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டும் பூட்ஸ் ஒன்று அவள் முன்னால் வந்து நின்றது.

“புத்தகத்தைக் குடும்மா,” என்றார் கேப்டன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே நீட்டினாள். அவர் நின்றபடியே எழுதினார். நிறைய எழுதினார். கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு ஓட்டுத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு, நனைந்த தெருவுக்குள் சின்னப் பையன் மாதிரி சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு போனார்.

பகோனா ஒரு கண்ணை மட்டும் திறந்து படித்தாள். ‘மிக மிகத் திருப்தி. இனி ஒவ்வொரு வருடமும் பெரிய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கப்பல் ப்ரினாரிக்கு வரும். இந்த ஏற்பாட்டைச் செய்த அம்மையாருக்கு நன்றி.’ கீழே கையெழுத்து.

இரண்டு தடவை படித்தாள். வேலை நிரந்தரம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியும் ஒரு சந்தேகம் அவளைச் சும்மா விடவில்லை. பக்கத்தில் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மிர்த்தோவின் கையைப் பிடித்தாள்.

“ஏன் தங்கச்சி, அடுத்த வருஷம் அந்த நாட்டுல கலவரம் ஓஞ்சு போச்சுன்னா, கப்பல் அங்கதானே போயிடும்?”

மிர்த்தோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

“எந்தக் கலவரம் அக்கா? அங்க எட்டுப் பேரு ஒரு கொடியைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, சோத்து நேரத்துக்கு வீட்டுக்குப் போயிட்டாங்க. கேப்டன் பொறந்தது இந்தத் தெருவுல!”