என் மெத்தைக் கடையில் மென்பொருள் ஓடிய வாரம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மெத்தை விற்கிறவனுடைய முதுகு ஒன்றைத் தவிர. அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பியே மேலே எழுதுகிறேன்.

வங்கி வேலையை உதறிவிட்டு மென்பொருள் விற்கக் கிளம்பிய உன் மகளுக்குப் புத்தி சொல்லிக் கையோடு அழைத்துவரச் சொல்லியிருந்தாய். உன் பேச்சை நான் தட்டியதில்லை, மறுநாளே போனேன். அவளோ ஓர் அரங்கில், முதலீடு செய்ய வந்தவர்கள் முன்னால், 'ஒருங்கிணைந்த வணிக நுண்ணறிவு மென்பொருளின் சந்தை எதிர்காலம்' என்று பேசிக்கொண்டிருந்தாள். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அவள் வாயால் கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. விற்பனைக்கு ஒரு மென்பொருள், சரக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம், மூன்றும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் மாதிரி, அவளுடையது மூவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவைத்து, வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குச் சொல்லிவிடுமாம். பெருமையில் காலை நன்றாக நீட்டினேன், கால் தரையில் கிடந்த சுவிட்சுப் பலகையில் பட்டு, வரைபடம் மேலே ஏறப்போன நேரம் பார்த்துத் திரை அணைந்துபோனது. அவள் அசரவில்லை. திரை இல்லாமலே பேச்சைத் தொடர்ந்தாள்.

முதலீடு செய்ய வந்த அம்மாள் ஒருவர், எல்லோரும் இதை வாங்குவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நானாக இருந்தால் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். இவள், "முடியாதுங்க. பெரிய கம்பெனிங்க வாங்கியாச்சு. இனிமே வளரணும்னா சின்னக் கடைக்காரங்க வரணும். அவங்களுக்குப் பயம் மென்பொருள் மேல இல்ல, அது காட்டப்போற உண்மை மேல" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, எனக்கு மூன்று கடை இருக்கிறது, ஒரு பயமும் இல்லை என்றேன். எழுந்த வேகத்தில் கால் மறுபடி பட்டுத் திரை உயிர்பெற்றது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் கடையிலேயே ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

ஓட்டினாள், அக்கா. உன் தம்பி பெண்டாட்டி பார்க்கும் கடை லாபம், என் மூத்த பையன் பார்க்கும் கடை லாபம், நான் உட்காரும் கடை மட்டும் நஷ்டம். மெத்தைக்குத் தலையணை இலவசம், தலையணைக்கு உறை இலவசம், வாங்குகிறவர் சிரித்துப் பேசினால் போர்வையும் இலவசம் என்று நான் வாரி விட்டதெல்லாம் சிவப்புக் கோடாக நின்றது. அந்த அம்மாள் வருவதற்கு முன் உன் மகள் என்னைத் தனியாக அழைத்து, "மாமா, உங்க கடைய விட்டுட்டு மத்த ரெண்டையும் காட்டட்டுமா?" என்றாள். தன் பிழைப்பே அதில் தொங்கும்போது என் முகத்தைப் பார்த்தாளே, அந்த மனசு யாருக்கு வரும்? "மூணையும் காட்டும்மா" என்றேன்.

காட்டினாள். சொந்த மாமாவையே விட்டுவைக்காத மென்பொருள் ஊரானையா விட்டுவைக்கும் என்று அந்த அம்மாள் அன்றைக்கே சம்மதித்துவிட்டார். இதைச் சொல்ல இவ்வளவு செலவா, என்னைக் கேட்டிருந்தால் போன வருடமே சொல்லியிருப்பேனே என்றாள் என் மனைவி.

பெண் கெட்டிக்காரிதான். இருந்தாலும் நீ சொன்னது சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துவந்து பழைய வேலையில் சேர்ப்பது என் பொறுப்பு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் சொல் தட்டாத,
தம்பி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. என் நாற்காலியில் இப்போது உன் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் உன் மகளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், கடைகடையாகப் போய் என் நஷ்டக் கதையைச் சொல்வதுதான் வேலை. அவள் வங்கிக்குத் திரும்பினால் நான் தெருவில். அத்தானின் மருந்துக்கடைக்கு இந்த மென்பொருளைப் போட ஆகும் விலை விவரம் இத்துடன் இருக்கிறது. தள்ளுபடி மட்டும் கேட்காதே, எனக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை.